டப்பாவுக்குள் வைத்த பஞ்சு

நான் யாரையும் நம்பமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதா கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழந்தாள்படியிட்டு ஜெபமாலை சொல்கிறவள், ஒரு கண்ணைத் திறந்து என் பையைப் பார்க்கிறாளா என்று நானும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். அவருக்கு என் நிலைமை தெரியும். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

பையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு லேகிய டப்பா இருக்கிறது. மஞ்சள் லேபிள், அதில் கண்ணாடி போட்ட வைத்தியர் ஜெகதீசன் படம், கீழே விம்கோ நகர் விலாசம். மூடியைத் திறந்தால் உள்ளே லேகியம் இருக்காது. லேபிள் உரித்த வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருக்கும். அதில் நான் தினமும் போட வேண்டிய எச்.ஐ.வி. மாத்திரை. பாட்டிலுக்குள் பஞ்சை அடைத்து வைத்திருப்பேன். இல்லாவிட்டால் நடக்க நடக்கக் கிலுகிலு என்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடும்.

வீட்டில் வைக்க முடியாது. நான் இருப்பது என் தம்பி அலெக்ஸாண்டர் வீட்டு மாடியறையில். அவன் பெண்டாட்டிக்கு அடுத்தவர் அலமாரியைத் துடைத்து அடுக்குவதில் இருக்கும் ஆசை தன் வீட்டு அலமாரியில் கிடையாது. அதனால் நான் போகிற இடமெல்லாம் டப்பாவும் வரும். மாத்திரை வாங்கக்கூட ராயபுரத்துப் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேன். ரயிலேறி ஊரின் அந்தக் கோடிக்குப் போவேன். இங்கே வாட்ச்மேனிலிருந்து டீ விற்கிறவன் வரை எல்லாம் தெரிந்த முகம்.

இந்த டப்பா என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் செல்வநாதன் ஹார்பரில் வேலை பார்த்தவர். அவர் போனபோது மஞ்சள் காமாலை என்று சொல்லி அடக்கம் செய்தோம். அதற்கு முன்பே எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடை பழகுவதற்குள் இளைத்து இளைத்துக் கையிலேயே போய்விட்டாள். என்ன வியாதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அவரும் போன பிறகு, நானும் குச்சியாகிப் படுத்தபோதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார்கள்.

நான் வேலை செய்வது காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் இறால் உரிக்கிற ஷெட்டில். அங்கே எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் கோவிந்தம்மா. நல்லவள், ஆனால் வாய்க்கு மூடி கிடையாது. நான் படுத்துக் கிடந்த சமயத்தில் அவள்தான் என்னை விம்கோ நகர் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கொடுத்த லேகியம் கன்னங்கரேலென்று இருக்கும், வாயில் வைத்தால் குமட்டும். கொஞ்ச நாள் தின்றேன். ஆஸ்பத்திரியில் மாத்திரை தொடங்கியதும் லேகியத்தைச் சாக்கடையில் வழித்துப் போட்டுவிட்டு, டப்பாவை மட்டும் கழுவி வைத்துக்கொண்டேன்.

மாத்திரை உடம்பில் பிடித்தது. கன்னம் வந்தது, ஜாக்கெட் பிடித்தது. ஷெட்டில் கேட்க ஆரம்பித்தார்கள், ஆளே மாறிப்போய்விட்டாயே, என்ன சாப்பிடுகிறாய் என்று. என்ன சொல்வது? டப்பாவை எடுத்துக் காட்டினேன். எல்லாம் வைத்தியர் ஐயா கைராசி என்றேன். கோவிந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கிருந்து காலை நாஸ்டா முடிந்ததும் எல்லார் எதிரிலும் டப்பாவைத் திறந்து, முந்தானை மறைவில் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை. அவர் கொடுக்கிற குளிகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஷெட்டில் பாதிப் பேர் அவரிடம் போக ஆரம்பித்தார்கள். முட்டி வலி, வாயுத் தொல்லை, தூக்கம் வராதது, எல்லாவற்றுக்கும் அதே மஞ்சள் டப்பா. ஒரு தடவை கோவிந்தம்மாவுக்குத் துணையாக நான் போனபோது வைத்தியர் எனக்குச் சும்மாவே ஒரு டப்பா கொடுத்தார். சும்மா கொடுக்கிறவனைக் கண்டால் எனக்கு மூக்கு வேர்க்கும். எதற்குக் கொடுக்கிறார், கையில் ஏன் செல்போனைப் பிடித்துக்கொண்டே பேசுகிறார் என்று தோன்றத்தான் செய்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பழைய டப்பாவில் லேபிள் சாயம் போய்விட்டது. புது டப்பா இருந்தால் பொய்யும் புதிதாக இருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஜானட் ஷெட்டுக்கு வந்தாள். சின்னப் பெண், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. புருஷன் விசைப்படகில் போகிறவன், போனால் கரை திரும்ப நாளாகும். வயிறு லேசாகத் தெரிந்தது. வந்த அன்றைக்கு என் பைக்குப் பக்கத்து ஆணியில் தன் பையை மாட்டினாள். கிலுக் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஐஸ் தண்ணீரில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காய்ச்சல் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் அட்டையில் வரும், சத்தம் போடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி காலியான பிறகு பெரிய மாத்திரைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் வேறு. அதை அமுக்குவதற்காகவே நான் வருஷக்கணக்காகப் பஞ்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. இவள் ஏன் இந்த ஷெட்டுக்கு வந்தாள், ஏன் என் ஆணிக்குப் பக்கத்து ஆணி, எந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தாள் என்று எனக்குள் கேள்விமேல் கேள்வி. மறுநாள் அவள் பையைத் தூக்கிக் கடைசி ஆணியில் மாட்டிவிட்டு, இது என் இடம் என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அவள் சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் பாட்டிலில் இன்னும் கொஞ்சம் பஞ்சை அடைத்தேன்.

ஒரு நாள் காலையில் அவள் பையை மாட்டினாள், சத்தமே இல்லை. சரி, பெண் விவரமாகிவிட்டாள், பஞ்சு வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். நாஸ்டா நேரத்தில் பையைத் திறந்து அவள் வெளியே எடுத்தது மஞ்சள் டப்பா. விரலை விட்டு ஒரு உருண்டை லேகியத்தைத் தோண்டி, மூக்கைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். கோவிந்தம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள். புள்ளதாச்சிப் பொண்ணு, சோர்ந்து சோர்ந்து விழுகிறாள், அதனால் தானே கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாள். பிலோமி, அதாவது நான், சாப்பிடுகிற அதே மருந்துதான் என்றும் சொன்னாள்.

மாத்திரை எங்கே போயிற்று? அன்று முழுக்க அதே கேள்வி. இறால் ஓடோடு சதையையும் பிய்த்துப் போட்டேன். சூப்பர்வைசர் மனோகரன் வந்து, நினைப்பு எங்கே இருக்கிறது என்று திட்டிவிட்டுப் போனார். உனக்கென்ன, அவள் பாடு அவளோடு என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் அந்த வயிறு கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. அம்மா மாத்திரையை விடாமல் போட்டால் பிள்ளைக்கு ஒட்டாமல் காப்பாற்றலாம் என்று மாத்திரை கொடுக்கிற ஏ.ஆர்.டி. சென்டரில் என் காதுபடவே எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் என் குழந்தை முகம் வந்து நிற்கும்.

வேலை முடிந்து கை கழுவக் குழாயடிக்குப் போனபோது அவளைப் பிடித்தேன். பாட்டில் மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். ஆடு திருடினவள் மாதிரி முழித்தாள். எந்த மாத்திரை என்றாள். கிலுகிலு என்று கேட்குமே, அந்த மாத்திரை என்றேன். அவள் கண் நிரம்பிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"யக்கா, நீங்களும் எங்கள மாதிரிதான்னு எனக்குத் தெரியும். மாத்திரையே போடாம இந்த லேகியத்துலயே தேறிட்டீங்கன்னு வைத்தியர் சொன்னாரு. அத நம்பித்தான் நான் நிறுத்தினேன்."

யார் பெயரைச் சொன்னார், எப்போது சொன்னார் என்று உலுக்கினேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் உங்களைத்தான் சொன்னார் என்றாள். அதற்குள் கோவிந்தம்மா சோப்பு கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ரயிலேறி விம்கோ நகர் போனேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? கோவிந்தம்மாவா, ரத்தம் எடுத்த இடத்தில் யாராவதா, செத்துப்போன என் வீட்டுக்காரரின் கூட்டாளி யாராவதா? ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துச் சந்தேகப்பட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

வைத்தியசாலை என்றால் தெருவைப் பார்த்த ஒற்றை அறை. வெளியில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். சுவரில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ். 'சொல்ல முடியாத நோய்களுக்கும் கைகண்ட மருந்து' என்று போட்டிருந்தது. கீழே பலன் பெற்றவர்கள் படம், எல்லாம் முகத்தை மறைத்தது. அதில் ஒருத்தி நீலப் பூப்போட்ட புடவையில் மஞ்சள் டப்பாவைக் கையில் பிடித்திருந்தாள். கட்டை விரலில் இறால் கொம்பு குத்திப் பழுத்து ஆறிய தழும்பு. என் விரல் எனக்குத் தெரியாதா? அந்தப் புடவையை நான் ஷெட்டுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது கட்டிக்கொண்டு போகிறேன். ஜானட் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அப்போது விளங்கியது.

உள்ளே போய் மேசையைத் தட்டினேன். என் சம்மதம் இல்லாமல் படம் எடுத்தது யார் என்று கேட்டேன். அவர் பதறவில்லை. உட்காரச் சொன்னார், முகம் தெரியவில்லையே அம்மா என்றார். அந்த நிதானம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கதவைச் சாத்திவிட்டு, குரலை அமுக்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்.

"எனக்கு எச்.ஐ.வி. கீதுன்னு உனுக்கு யாரு சொன்னது? ஒய்ங்கா சொல்லிடு."

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"யாரும் சொல்லலயேம்மா. இப்ப நீங்கதான் சொல்றீங்க."

என் நாக்கை நானே அறுத்துப் போட்டிருக்கலாம். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. எது வேண்டுமானாலும் அதற்குள் அடங்கட்டும் என்று 'சொல்ல முடியாத நோய்' என்று போட்டு, என் கையையும் அதில் ஒட்டியிருக்கிறார். கோவிந்தம்மாவை வெளியில் உட்கார வைத்துவிட்டு ஜானட் தனியாக உள்ளே வந்து தன் விஷயத்தைச் சொல்லி அழுதபோது, இதோ இந்த அம்மாவுக்கும் அதேதான், இதில்தான் தேறினார் என்று குருட்டாம்போக்கில் படத்தைக் காட்டியிருக்கிறார். ஊரையே சந்தேகப்பட்டு நான் காத்த ரகசியத்தை, சந்தேகப்பட்டே நான் ஓடிவந்து இவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் அவர் பேச்சே மாறிவிட்டது. மாத்திரையை நிறுத்து என்று தான் சொல்லவில்லை என்றார். இங்கிலீஷ் மாத்திரை சூடு, இரண்டும் ஒன்றாகச் சேராது, எது வேண்டுமோ அதைச் சாப்பிடு என்று மட்டும் சொன்னாராம். புள்ளதாச்சி, பிள்ளைக்கு வந்துவிடும் என்று நான் சொன்னதற்கு, எல்லாம் மேலே இருப்பவன் செயல் என்று கையை விரித்தார். கடைசியில் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"டப்பாவ வருஷக் கணக்கா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது நீங்க. நான் கேக்கலயே. உங்க விஷயத்த நான் வெளில சொல்ல மாட்டேன், என் மருந்தப் பத்தி நீங்களும் சொல்லாதீங்க."

வெளியில் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து வந்து, உங்களுக்கு நல்லாக் கேட்குதாம்மா, மருந்து, என்று கேட்டாள். நான் நடந்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ரயிலேறி உட்கார்ந்தேன். அவர் மேல் கோபம் வந்தது, ஜானட் மேல் வந்தது, கோவிந்தம்மா மேல் வந்தது. ராயபுரம் வருவதற்குள் எல்லாம் சுற்றி என் மேலேயே வந்து நின்றது. ஊர் வாய்க்குப் பயந்து நான் காட்டிய டப்பாவை நம்பித்தான் ஒருத்தி தன் மாத்திரையைத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

மறுநாள் விடியற்காலையில், ஷெட்டுக்குப் போகும் வழியில் ஜானட்டை நிறுத்தினேன். பூட்டிய கடை ஒன்றின் ஓரமாகக் கூட்டிப்போய் என் டப்பாவைத் திறந்து, பாட்டிலை எடுத்துக் காட்டினேன். நான் தின்பது இதுதான், லேகியம் இல்லை, நீயும் திரும்பப் போட ஆரம்பி, முதலில் சென்டருக்குப் போய் நிறுத்தியதைச் சொல்லிவிடு என்றேன். அவள் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிள் இல்லை. உள்ளே பஞ்சு. அவள் முகத்தில் வந்ததை நான் நன்றாக அறிவேன். அது என் முகத்திலேயே குடியிருக்கிற சந்தேகம்.

"வைத்தியர் சொன்னாரு யக்கா. தேறினவங்க ஒத்துக்க மாட்டாங்க, கேட்டா வேற மாத்திரய காட்டுவாங்கன்னு. இது சுகர் மாத்திரயா கூட இருக்கலாம், எனக்கு இன்னா தெரியும்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வந்த நாளிலிருந்து அவளிடம் மூஞ்சியைக் காட்டியவள் நான். ஆணியைக்கூட விட்டுக்கொடுக்காதவள் திடீரென்று அக்கறையாக வந்தால் யார் நம்புவார்கள்? அவள் இன்னொன்றும் சொன்னாள். மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, மாமியார் என்ன மாத்திரை என்று நோண்டுகிறாள், ராத்திரியானால் பாட்டிலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து வைத்து உயிர் போகிறது. லேகியம் என்றால் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், மாமியாரே எடுத்துக் கொடுக்கிறாள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் வேறு எதற்காக?

பானையில் இன்னும் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றாள். அவ்வளவுதான், ஷெட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று நாஸ்டா நேரத்தில் ஜானட் லேகியத்தைத் தின்றதும் ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவளின் முகம் வெளிறியிருந்தது. கோவிந்தம்மா விடவில்லை. வாந்தியில் போனது போகட்டும், இன்னொரு உருண்டை தின்னு என்று டப்பாவை அவள் முன்னால் நீட்டினாள். எனக்கு வேண்டாம் என்று ஜானட் தலையாட்டியதும், கோவிந்தம்மா ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏமே பிலோமி, நீ சொல்லு இவளுக்கு. நீ சொன்னா கேப்பா. இத்த துன்னுதான நீ தேறி வந்த?"

எல்லார் கையும் நின்றது. ஜானட் என்னைப் பார்த்தாள். காலையில் தனியாக நான் சொன்னதை இவ்வளவு பேர் எதிரில் சொல்வேனா என்று பார்க்கிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது. பூட்டிய கடை ஓரத்தில் கிசுகிசுத்தால் அது பொய்யாக இருக்கலாம். இங்கே சொன்னால் பொய் என்று யாரும் நினைக்க முடியாது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யாரும் பொய் சொல்லமாட்டார்கள்.

பயம் இருந்ததா என்றால், இருந்தது. தம்பி பெண்டாட்டி முகம் வந்தது, மாடியறைப் படிக்கட்டு வந்தது. அப்புறம் என் குழந்தை வந்தாள். அவளுக்காக அன்றைக்கு ஒருத்தியாவது வாயைத் திறந்திருந்தால் என்று நான் எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன்.

எழுந்து ஆணியிலிருந்து பையை எடுத்தேன். டப்பாவைத் திறந்தேன். பாட்டிலை வெளியே எடுத்து, உள்ளே இருந்த பஞ்சை இழுத்துப் பை ஓரத்தில் செருகினேன். பாட்டிலை மூடிக் கோவிந்தம்மா முகத்துக்கு நேராக ஆட்டினேன். கிலுகிலு என்று ஷெட் முழுக்கக் கேட்டது. மறந்தும் நான் ஜானட் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள்.

"நான் லேகியத்துல தேறல கோவிந்தம்மா. எனக்கு எச்.ஐ.வி. கீது. கவர்மென்ட்டு ஆஸ்பத்திரில குடுக்குற இந்த மாத்திரதான் என்ன நிக்க வெச்சிகினு கீது. டப்பா மட்டும்தான் வைத்தியரோடது."

கோவிந்தம்மா கையில் நீட்டிய டப்பா அப்படியே நின்றது. செல்வநாதனுக்கும் அதுதானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுத்த இறால் தட்டுக்குப் போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, நானும் திட்டியிருப்பேன். சத்தமே போடாமல் போனதுதான் வலித்தது.

அதற்கப்புறம் நடந்தது நீங்கள் நினைக்கிறதுதான். மனோகரன் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து இறாலைத் தொட வேண்டாம், கூடை கழுவு என்றார். இறாலைத் தொட்டால் பரவாது, வேலையை விட்டு நிறுத்தினால் சட்டம் இருக்கிறது, சென்டரிலிருந்து ஆளைக் கூட்டி வரவா என்று நான் கத்திய கத்தலில் அவர் மறுபடி என்னை உரிக்கிற இடத்துக்கே அனுப்பிவிட்டார். உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி இரண்டு பக்கமும் இடம் காலி. தம்பி பெண்டாட்டி எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். அலெக்ஸாண்டர் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் வெளியே போ என்று சொல்லவில்லை. வைத்தியர் ஃப்ளெக்ஸில் என் கை போய் வேறு யாரோ ஒருத்தி கை வந்திருப்பதாகக் கேள்வி. ஷெட்டில் நாலு பேர் லேகியத்தை விட்டார்கள், இரண்டு பேர் இன்னும் தின்கிறார்கள்.

ஜானட்டும் மற்றவர்களோடு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை என் தண்ணீர்ச் சொம்பு அவள் பக்கம் இருந்தபோது, கோவிந்தம்மா பார்க்கிறாள் என்று அதைக் காலால் தள்ளிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்காகவா நான் ஊர் வாயில் விழுந்தேன்? மாத்திரை போடுகிறாளா, இல்லை இன்னும் அந்தக் கரியைத்தான் தின்கிறாளா? கேட்கவும் வழியில்லை. நான் அவளிடம் பேசுவதை யாராவது பார்த்தால் அவளும் மாட்டிக்கொள்வாள். வீட்டில் படுத்தாலும் அதே சந்தேகம்தான். ஒவ்வொரு நாளும் அவள் பையை மாட்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தமே கேட்காது.

அப்புறம் ஒரு காலை. அவள் கொஞ்சம் தாமதமாக வந்தாள். வேகமாக நடந்து வந்து என்னைத் தாண்டிப்போனாள், என்னைப் பார்க்கவில்லை. பையைக் கடைசி ஆணியில் மாட்டினாள். கிலுக் என்றது.

என் வாழ்க்கையில் எந்தப் பாட்டும் எனக்கு அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. குனிந்துகொண்டு இறால் தலையைக் கிள்ளினேன். கண்ணீர் ஐஸ் தண்ணீரில் விழுந்தது, விழட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த நிமிஷமே எனக்குத் திக்கென்றது. அந்தப் பக்கத்தில் கோவிந்தம்மா தலையைத் தூக்கி ஆணியைப் பார்த்தாள். நான் ஷெட் முழுக்க ஆட்டிக் காட்டிய சத்தம் அது. இப்போது இங்கே அந்தச் சத்தம் தெரியாத காது இல்லை.

உடனே என் பையைத் தூக்கி ஓங்கித் தரையில் வைத்தேன். என் பாட்டில் கிலுகிலு என்று அடித்துக்கொண்டது. கோவிந்தம்மா என் பக்கம் திரும்பி, முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் குழாயடியில் ஜானட் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு அவளை உரசிய மாதிரி போனேன். அன்றைக்குப் பை ஓரத்தில் செருகியது அங்கேயே கிடந்தது. எடுத்து அவள் ஈரக் கையில் திணித்தேன்.

"பாட்டிலுக்குள்ள வெச்சி மூடு. சத்தம் கேக்குது."

அவள் கையை விரித்துப் பார்த்தாள். பஞ்சு. என் விரலை ஒரு தடவை இறுகப் பிடித்தாள், உடனே விட்டாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டாள், கழுவிக்கொண்டே இருந்தாள். உங்களுக்கு வேண்டாமா யக்கா என்று தண்ணீருக்குள்ளேயே கேட்டாள்.

எனக்கு இனிமேல் அது எதற்கு என்று சொல்லிவிட்டு, கிலுகிலு என்று நடந்து வீட்டுக்குப் போனேன்.